படுக்கிற அறை

“எந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கிறனீங்க?”

கேள்வி ஒன்றுதான், பதில் இரண்டு வந்தது. ஜவ்பர் சாச்சா கட்டிலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கிழக்கு என்றார். அதே நேரத்தில் மைமூனா சாச்சி ஜன்னலைக் காட்டி வடக்கு என்றார்.

நல்ல கதை! கட்டில் ஒன்று, புருஷன் பெண்சாதிக்குத் தலைமாடு மட்டும் ஆளுக்கொரு திசையா?

நான் சும்மா கேட்கவில்லை. மாரி தொடங்கினால் வாடைக்காற்று கடலைத் தாண்டி நேரே எங்கள் கிண்ணியா ஊர் வீடுகளுக்குள் வந்துவிடும். வயசானவர்களுக்கு நெஞ்சில் சளி கட்டினால் பிறகு ஆஸ்பத்திரிதான். அதனால் எங்கள் ஊர் நலச் சங்கம் பாதிச் செலவைத் தானே போட்டு வீட்டுக்கு ஓர் அறை, காற்றும் மழை ஒழுக்கும் வராமல் அடைத்துக் கொடுக்கிறது. ஓர் அறைதான். அதுவும் முதியவர்கள் படுக்கிற அறையாக இருக்கவேண்டும்.

“இதுதான் தம்பி நாங்க படுக்கிற அறை,” என்று சாச்சி மறுபடியும் சொன்னார். நான் கேட்கவேயில்லை.

படுக்கிற அறையாம். மெத்தை இன்னும் கடையில் சுற்றித் தந்த பிளாஸ்ரிக் உறைக்குள்ளேயே கிடக்கிறது. ஒரு தைலப் போத்தல் இல்லை, ஒரு மருந்துக் குளிசை இல்லை. போதாக்குறைக்குக் கட்டிலின் தலைமாடு கிழக்கே. அப்படிப் படுத்தால் கால் மேற்கே, தொழுகிற திசையான கிப்லாப் பக்கம் நீளும். ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போகிற ஜவ்பர் சாச்சா கிப்லாவுக்குக் காலை நீட்டிப் படுக்கிறாராம், அதை நான், இந்த றஊப், நம்பவேண்டுமாம்.

எனக்கென்ன, வந்த வேலையைப் பார்ப்போம் என்று ஏணியில் ஏறினேன்.

சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி. அதைப் பூசி அடைத்தேன். உடைந்த ஓட்டை மாற்றி, சீலிங் அடித்து, ஜன்னலுக்கு றப்பர் பட்டி வைத்தேன். சாச்சா கீழே நின்றுகொண்டு ஆணிக்கு ஆணி “இனிக் குளிராதே?” என்று கேட்டார். மனிசனை நிம்மதியாக ஒரு ஆணி அடிக்க விடவில்லை.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மழை கொட்டியது. முற்றத்தில் வைத்த சீமெந்துப் பை நனைகிறதே என்று தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் ஓடினேன்.

அங்கே சமைக்கிற குசினியோடு சேர்த்துச் சாய்வாக இறக்கிய ஒரு தகரப் பத்தி.

உள்ளே இரண்டு பாய்கள். பாய்க்குப் பாய் நடுவில் சட்டிகள், சட்டிகளில் ஒழுக்குத் தண்ணீர். ஆணியில் தொங்கிய பைக்குள் தைலப் போத்தலும் குளிசைகளும் இருந்தன.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சீமெந்துப் பையைப் பொத்தென்று போட்டேன். “என்ன சாச்சி இது, யாரை ஏமாத்துறீங்க?”

பின்னால் ஓடிவந்த சாச்சி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அது மகள்ட வீடு தம்பி. குடுத்த வீட்டில திரும்பப் போய்ப் படுக்கிறதா?”

எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணத்தோடு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் பின்னால் ஒதுங்கிவிடுவார்கள். மகள் சுஹைரா புருஷனோடு கட்டாருக்குப் போய்விட்டாள். இவர்கள் ஒதுங்கின இடத்திலேயே இருந்துகொண்டு, அவள் வீட்டைக் கூட்டித் துடைத்துக் காவல் காக்கிறார்கள். போன மாரியில் கைப்பிள்ளையோடு வந்தாளாம். அறை ஒழுகி, பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்து, விடிந்ததும் கொழும்புக்குப் போய்விட்டாளாம்.

“ஒரு ராத்திரிதான் பிள்ளையைப் பக்கத்தில போட்டுப் படுத்தன். ஆசை தீரல்ல தம்பி. டிசம்பர்ல வாறா. இந்த முறை அதுக்குக் குளிரப்படாது.”

அதற்கு மேல் கோபத்தை எங்கே வைக்கிறது? சங்கத்துச் சட்டத்தைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், வேறு கதை வந்தது.

“ஆள் படுக்காத அறை திரும்ப ஈரம் பிடிச்சிரும் சாச்சி. அந்த ஈரம் பிள்ளைட நெஞ்சுக்குத்தான் கூடாது. மகள் வாற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் உள்ளுக்குப் படுத்து அறைக்குச் சூடு குடுக்கோணும். இல்லாட்டி நான் செய்த வேலை எல்லாம் வீண்.”

அந்த நிமிடத்தில் நானே கட்டிய கதை அது. பின்னாலேயே வந்து நின்ற சாச்சாவும் சாச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிள்ளைக்கு என்றதும் சாச்சா பாய்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழைக்குள்ளேயே நடந்தார்.

கட்டிலை இருவரும் தொடவில்லை. அதன் பக்கத்தில், வெறும் தரையில், கால் கிப்லாவுக்கு நீளாமல் குறுக்கே பாய்களை விரித்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை படுக்கிற அளவு இடம் விட்டிருந்தார்கள்.

சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. வாசலுக்குப் போய் எடுத்தேன்.

கட்டாரிலிருந்து சுஹைரா. சங்கத்தைத் தேடிப் பிடித்து, உம்மாவும் வாப்பாவும் படுக்கிற அறையை அடைத்துக் கொடுங்கள் என்று கேட்டதே அவள்தான். வீட்டார் கட்டவேண்டிய பாதியை அனுப்பியதும் அவள்தான். உள்ளே இருக்கிற இருவரும் முழுவதும் சங்கத்தின் உதவி என்றே நினைத்திருந்தார்கள்.

“ரெண்டு பேரும் உள்ளுக்குத்தானே படுக்கிறாங்க, றஊப் நானா?”

“ஓம்,” என்றேன். இன்றைக்கு அது பொய்யில்லை.

இந்தப் பக்கத்து மழைச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும் போல.

“இந்த முறை எங்களுக்கு லீவு இல்ல நானா. அவங்களுக்கு இப்ப சொல்லிராதீங்க. சொன்னா திரும்பப் பத்திக்கே போயிருவாங்க. மாரி முடியட்டும்.”