மூன்றாவது புகார்

“அண்ணே, அந்த ஜோடி உங்க இத்தாலிக்குத்தான் வருது. ஜாக்கிரதை!”

எதிர்க் கடையிலிருந்து ஜப்பான் குரல் கொடுத்தாள். அந்த மாலின் நாலாவது மாடியில் பரிமாறுகிறவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. ஜப்பானிய உணவகத்தில் நிற்பவள் ஜப்பான். அவளுக்குப் பக்கத்தில் நிற்பவன் மெக்சிகோ. ஐம்பது வயதில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு தட்டு தூக்க வந்த இவர் இத்தாலி. இருபத்தைந்து வருடம் மூட்டை தூக்கி, முழங்கால் தேய்ந்த பிறகு கிடைத்த வேலை.

“ஏம்மா, வம்பு பிடிச்சவங்களா?”

“என்னன்னே புரியலண்ணே. கடை திறந்ததிலேருந்து சுத்தறாங்க. சீனா, லெபனான், மெக்சிகோ, இப்ப என் கடை. ஒரே ஒரு தட்டு வாங்குவாங்க. அவர் ரெண்டு வாய் சாப்பிடுவார். ‘எப்படி?’ன்னு அந்தம்மா கேக்கும். ‘நல்லா இருக்கு’ம்பார். உடனே அந்தம்மா மூஞ்சி தொங்கிடும். எழுந்து அடுத்த கடை!”

“நல்லா இருந்தா மூஞ்சி எதுக்குத் தொங்கணும்?”

“குத்தம் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்காங்க. வேறென்ன?”

இத்தாலி கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். சேர்ந்த மூன்று வாரத்தில் இரண்டு புகார். ஒருமுறை தட்டு மேசை மாறிப் போனது. இன்னொருமுறை, ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டையே தூக்கிவிட்டார். “மூணாவது வந்தா கோட்டைக் கழட்டி வெச்சுட்டுப் போயிட்டே இருங்க” என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

இருவரும் கண்ணாடிச் சுவரை ஒட்டி உட்கார்ந்தார்கள். பட்டியலைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், “ஒரு பாஸ்தா கொண்டு வாங்க” என்றாள் அந்த அம்மாள்.

கொண்டுபோய் வைத்துவிட்டு, தூணோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டார் இத்தாலி.

“எப்படிங்க?”

“நல்லா இருக்கு.”

“சரியாச் சாப்பிட்டுச் சொல்லுங்க.”

“ஏண்டி, ஒரே நாள்ல உலகம் பூரா சுத்தியாச்சு. வீட்டுக்குப் போலாம், வா.”

“இன்னும் ஒரே ஒரு வாய். எனக்காக.”

வீட்டில் இவள் சமையலை அவர் ஏதோ சொல்லிவிட்டார் போல, அந்தக் கோபத்துக்குத்தான் ஊரார் சமையலையும் அவர் வாயாலேயே குறை சொல்ல வைக்கப் பார்க்கிறாள் என்று இத்தாலி நினைத்துக்கொண்டார்.

கணவர் தட்டின் அடியிலிருந்து வழித்து ஒரு வாய் போட்டார். மென்றார். மெல்வது நின்றது. முட்கரண்டியை டங்கென்று கீழே வைத்தார்.

“உப்பு கரிக்குது!”

“என்ன சொன்னீங்க?”

“உப்புடி! வேக வெச்ச தண்ணியிலயும் போட்டு, சாஸ்லயும் அள்ளிப் போட்டிருக்கான். வாயில வைக்க முடியல!”

பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. மேலாளர் ஓடி வந்தார்.

“மன்னிச்சுக்கங்க சார். உடனே வேற தரச் சொல்றேன்.” பல்லைக் கடித்துக்கொண்டு இத்தாலியின் பக்கம் திரும்பினார். “நீங்க கோட்டைக் கழட்டுங்க.”

“ஐயா, நான் சமைக்கலையே. தூக்கிட்டு வந்தவன்தானே?”

“மூணுன்னா மூணுதான்.”

இத்தாலியின் விரல்கள் முதல் பொத்தானுக்குப் போயின. எதிரே அந்த அம்மாள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். போகிற நேரத்தில் இது வேறா என்று அவருக்குப் பதறியது.

“அம்மா, அழாதீங்கம்மா. ஏதோ கை தவறிப்போச்சு. பெரிய மனசு பண்ணுங்க.”

அவள் கையை எடுத்தாள். கன்னமெல்லாம் ஈரம், வாயெல்லாம் சிரிப்பு.

“தினம் இருநூறு பேருக்குச் சமைச்சுப் போட்ட விடுதிச் சமையல்காரர் இவர். ஏழு மாசம் முன்னாடி வந்த காய்ச்சல்ல நாக்கு செத்துப்போய், உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாம அடுப்பை விட்டே எழுந்து வந்துட்டார். பொத்தானைப் போடுங்கண்ணே! போட்டுட்டு, உப்பு கொஞ்சமும் குறையாம இன்னொரு தட்டு கொண்டு வாங்க!”