நாற்பத்தேழாம் நம்பர் பேட்டரி

"ஒரு வருஷம் மட்டும் உரிமத்தை நீட்டிக் குடுங்க சார். நீங்க நிறுத்திட்டா நாப்பத்தேழாம் நம்பர் பேட்டரியை வேற யாரும் செய்ய முடியாது" என்று கெஞ்சினார் பேட்டரித் தொழிற்சாலை நடத்தும் பெண்மணி.

"வருஷத்துக்கு ஆயிரம்கூட விக்கலையேம்மா. அதை எதுல போடுறாங்கன்னே எனக்குத் தெரியாது" என்றார் அந்தப் பேட்டரியின் காப்புரிமையை வைத்திருக்கும் கம்பெனியின் உரிமப் பிரிவு மேலாளர்.

"ஆயிரம் பேர் இருக்காங்களே சார்!"

"வேற கருவி வாங்கிக்கட்டும்."

"அப்ப இன்னைக்கே மெஷினைப் பிரிச்சிடுறோம்" என்று அவர் எழுந்துகொண்டார்.

மேலாளர் ரத்துக் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே மகளின் கேள்வி வந்து விழுந்தது.

"அப்பா, ஏன் லேட்?"

"முதல்ல உள்ள விடுடி, வாயாடி!"

"பதில் சொல்லுங்க. அம்மா, பாரும்மா, அப்பா..."

பேச்சு பாதியில் நின்றது.

"காலையிலேருந்து இப்படித்தாங்க, சார்ஜே நிக்க மாட்டேங்குது" என்ற மனைவி, மகள் கையிலிருந்த பேசும் கருவியின் பின்மூடியைக் கழற்றி, உப்பிப்போன பேட்டரியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "கருவி செஞ்ச கம்பெனியை மூடிட்டாங்க. இது மட்டும் புதுசா கிடைச்சா போதும். உங்க ஆபீஸ்ல சொல்லி வாங்கிட்டு வாங்க."

அதில் நாற்பத்தேழு என்று அச்சிட்டிருந்தது.

பிறவியிலேயே பேச்சு வராத மகள், வெற்றுக் கருவியில் 'அப்பா' என்ற பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள்.