அடுத்தவள் மடியில்

தேவாலய ஆராதனைக் கூடத்துக்குப் பின்னால், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்று வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கும் சிறிய அறை. கண்ணாடிச் சுவரைத் தாண்டிப் பாட்டு மெல்லக் கசிகிறது. பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஊழியக்காரப் பெண்ணின் மடியில் தலை வைத்து மகள் தூங்குகிறாள். பெற்றவளின் விரல் பட்டாலே விலகி ஓடுகிற பிள்ளை. வாசலில் நிற்கும் அம்மாவுக்கு வயிறு எரிகிறது.

"என்ன சொக்குப்பொடி போட்ட?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா உக்காந்திருந்தேன், அவளா வந்து படுத்தா. காலுதான் மரத்துப்போச்சு."

அந்தப் பெண் காலை மடக்கப் பார்க்கிறாள். மகளின் இமை துடிக்கிறது.

"அசையாதம்மா, முழிச்சுக்குவா."

அம்மா, ஜெபிக்கும்போது தான் முழங்காலிடும் சிறு மெத்தையை எடுத்து வந்து, அந்தப் பெண்ணின் காலுக்கு அடியில் பதமாகச் செருகுகிறாள். எரிச்சல் அடங்கவில்லை. வெறுந்தரையில் முழங்காலிட்டு, "ஆண்டவரே, இவ காலுக்கு இன்னும் கொஞ்சம் பெலன் குடுங்க" என்று முணுமுணுக்கிறாள்.