கொல்லை வழியாகப் போனவள்

"பொன்னுத்தாயி துரோகம் பண்ணிட்டா. இதுல பேச என்ன இருக்கு? தள்ளி வைங்க!"

சங்கக் கொடிமரத்தடியில் கூடிய கூட்டத்தில் முதல் குரல் ராமாயியுடையது. சங்கச் செயலாளர் வீரையனின் பெண்டாட்டி என்றால் சும்மாவா? தொண்டை கிழியக் கத்தினாள்.

கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். ஆட்சி மாறி என்ன, அரைப்படி நெல்லை ஏற்றிக் கொடுக்க மிராசுதாருக்கு மனசு வரவில்லை. பேச்சு முடிகிறவரை அவர் வீட்டுப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது சங்கத்தின் கட்டுப்பாடு. மீறினால் நல்லது கெட்டதற்கு ஒருத்தரும் வரமாட்டார்கள்.

பொன்னுத்தாயோ வெள்ளிக்கு வெள்ளி கொல்லை வழியாக அங்கே போய் வந்திருக்கிறாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

"எதுக்குக்கா போனே?" என்றான் வீரையன்.

"வேலை இருந்துச்சு தம்பி."

"என்ன வேலை?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

ராமாயி விடுவாளா? "இங்க புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க, நீ அங்க போய் சோறு தின்னியா?"

"பச்சத்தண்ணி குடிக்கல புள்ள."

"அக்கா, தை மாசம் உன் மகளுக்குக் கல்யாணம்" என்றான் வீரையன். "தள்ளி வச்சா பந்தல்ல கால் வைக்க ஆள் இருக்காது. மாப்பிள்ளை வீட்டுலயும் வேணாம்னுடுவாங்க. உண்மையச் சொல்லிடு."

பொன்னுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "வாக்குக் குடுத்துட்டேனே தம்பி" என்றாள்.

அப்போதுதான் தெருமுனையில் சலசலப்பு. மிராசுதாரின் மனைவி கமலாம்பாள் நடந்து வந்துகொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் அவள் கால் பட்டதில்லை.

"அம்மா, நீங்களா? இங்கயா?" வீரையன் எழுந்தே விட்டான்.

"இவளைத் தள்ளி வைக்கப் போறீங்களாமே, அதான் வந்தேன்."

"வேணாம்மா, சொல்லாதீங்க" என்று பதறினாள் பொன்னுத்தாய்.

"நீ சும்மா இரு. எனக்காக உன் மக கல்யாணம் நிக்கணுமா?"

கமலாம்பாள் கூட்டத்தைப் பார்த்தாள்.

"ஆறு புள்ள பெத்தவ நான். கடைசிப் பிரசவத்துக்கப்புறம் கர்ப்பப்பை கீழ எறங்கிடுச்சு. உக்கார முடியல, நிக்க முடியல. ஒண்ணுக்குப் போறதுக்குள்ள உசுரு போயி வரும். சாமி குத்தம்னாங்க என் மாமியார். என்ன பாவம் பண்ணேனோன்னு நானும் வெளிய சொல்லாம மூடி வச்சிருந்தேன்."

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சத் தெரிந்த அளவுக்கு, பெற்றவள் உடம்பில் என்ன நடந்தது என்று அவர்களில் யாருக்குத் தெரியும்?

"நெல்லு காயப்போட வந்தவ, என் நடையப் பாத்துட்டு இவதான் கேட்டா. 'பாவமும் இல்ல, சாமி குத்தமும் இல்லம்மா. புள்ள தங்குற பையத் தாங்கிப் புடிக்கிற சதை தளந்துபோச்சு, அவ்வளவுதான். பச்ச உடம்போட நடவுல குனிஞ்சு எனக்கும் இப்படித்தான் ஆச்சு, ஆஸ்பத்திரில பாத்துக்கிட்டேன்'னா. கும்பகோணத்துல லேடி டாக்டர்கிட்ட அழைச்சுட்டுப் போனா. தாங்கலா உள்ள ஒரு வளையம் வச்சாங்க. அதை வாராவாரம் எடுத்துக் கழுவி வைக்கணும். எனக்குக் கை நடுங்குது. இவதான் வந்து செய்யறா. கூலிச் சண்டை வேற, இது வேறன்னுட்டா."

கமலாம்பாள் பொன்னுத்தாயைக் காட்டினாள்.

"பெத்த தாய்கூட முகம் சுளிப்பா, இவ சுளிக்கல. நான் இன்னிக்கு நிமிந்து நடக்குறேன்னா எல்லாம் இவ புண்ணியம்."

அத்தனை பேர் முன்னாலும் பொன்னுத்தாயைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயோ, என்னம்மா இது!" என்று பொன்னுத்தாய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

வீரையன் பொன்னுத்தாயிடம் வந்தான். "மன்னிச்சுக்கக்கா" என்றவன், கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான். "இன்னமும் அக்காவைத் தள்ளி வைக்கணும்னு நினைக்கிறவங்க கையத் தூக்குங்க, பாப்போம்!"

ஒரே ஒரு கை உயர்ந்தது. ராமாயியின் கை.

"அடிப்பாவி! இவ்வளவு கேட்ட பொறவுமா?" என்றான் வீரையன்.

"அதுக்கில்லைங்க." ராமாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் ரெண்டு வருசமா அதேதான். உங்ககிட்டகூடச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. என்னையும் அந்த டாக்டரம்மாகிட்ட அழைச்சுட்டுப் போவச் சொல்லுங்க."

வீரையன் வாயைத் திறப்பதற்குள், பெண்கள் பக்கம் இன்னும் நாலைந்து கைகள் உயர்ந்தன.