கீழே இறங்காத டிரைவர்

டிரைவர் இறங்க மறுத்தார்.

நாற்பது சக்கர டிரெய்லர். அதன் முதுகில் ஒரு வீட்டளவு டிரான்ஸ்பார்மர். முன்பாதி பெட்ரோல் பங்க் தெருவுக்குள்ளும் பின்பாதி மெயின் ரோட்டிலுமாக மாட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

பெர்மிட்டில் இருந்தது ஒரே பாதை. இவ்வளவு பெரிய வண்டி அதைவிட்டு விலகக் கூடாது. நகர எல்லையைத் தாண்டும்வரை வழியில் எங்கும் நிற்கவும் கூடாது.

சிவப்புக் கொடி கட்டிய காரில் முன்னே வழிகாட்டிப் போன டிரைவரின் மருமகன், பின்னால் வண்டியைக் காணாமல் திரும்பி ஓடிவந்தான். கல்யாணமாகிச் சில மாதம்தான். போகிற இடமெல்லாம் மாமனார் புராணம் பாடுகிறவன். அவர் கண்ணைக் கட்டிக்கொண்டே ஓட்டுவார் என்று அளப்பவன்.

"என்னாச்சு மாமா? இறங்குங்க, பாத்துக்கலாம்."

"கிட்ட வராதீங்க மாப்பிள்ளை."

கதவை உள்ளே பூட்டிக்கொண்டார்.

திமிர் பிடித்த ஆள் என்றது கூட்டம். குடித்திருப்பான் என்றார் ஒரு பைக்காரர். மருமகன் தலையைக் குனிந்துகொண்டான்.

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை அவர். ஆனாலும் மறுக்கவில்லை. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தது.

பெர்மிட் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினாள். அவருடைய மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். கையில் தண்ணீர் பாட்டிலோடு விறுவிறுவென்று படியேறி, திறந்திருந்த ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். கத்த வாயெடுத்தவள், அவரைப் பார்த்தாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் பாட்டில் மூடியைத் திருகினாள்.

பிறகு, தெருவே கேட்கிற மாதிரி, "சொன்னா இறங்க மாட்டியா?" என்று கத்திக்கொண்டே பாட்டில் தண்ணீர் முழுவதையும் அவர்மேல் கொட்டினாள்.

கூட்டம் அப்படியே கட்சி மாறியது. பெற்ற அப்பனாக இருந்தால் இப்படிச் செய்வாயா என்று முதலில் கேட்டவர் அந்த பைக்காரர்தான். செல்போன்கள் உயர்ந்தன. மருமகன் அவளை அடிக்கவே போய்விட்டான்.

டிரைவர் கதவைத் திறந்து இறங்கினார். சட்டையும் பேன்ட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

"விடுங்க மாப்பிள்ளை. அவங்க மேல தப்பில்ல."

"எப்படி மாமா விடச் சொல்றீங்க?"

சொல்லிவிடத்தான் நினைத்தார். வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

அவளோ அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு, வண்டியைப் பின்னால் எடுக்க இடம் பண்ணச் சொல்லிப் போலீஸ்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். இவர் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

நிற்கக் கூடாத ரோட்டில் வெகுதூரம் அடக்கிக்கொண்டே வந்து, பங்க்கில் கழிப்பறை இருக்கும் என்று வண்டியைத் திருப்பியவர், அவள் தண்ணீரைக் கொட்டுவதற்கு முன்பே நனைந்திருந்தார்.