தரையைத் தொடாத பந்து

கூடைப்பந்து லீக்கின் கடைசி ஆட்டத்தை ஜெசிந்தாவின் கல்லூரி அணி ஜெயித்துவிட்டது. ஆனால் மண்டலப் போட்டிக்குப் போக, வேறொரு ஊரில் வேறொரு கல்லூரி தோற்க வேண்டியிருந்தது. பி.டி. சார் செல்போனைக் காதிலிருந்து எடுத்தார். "ரெண்டு பாயிண்ட்ல அவங்க ஜெயிச்சுட்டாங்கம்மா." கடைசி வருடக்காரி ஜெசிந்தாவுக்கு அத்துடன் எல்லாம் முடிந்தது. படிப்பு முடிந்து நாளை அவள் போகப்போகும் ஊரில் ஒரு கூடைப்பந்து வளையம்கூடக் கிடையாது. அவர்கள் கல்லூரி வழக்கப்படி, விடைபெறுகிறவள் கடைசியாக ஒரு பந்து போட வேண்டும். அது தரையைத் தொட்டதும் ஷூவைக் கழற்றி ஜூனியரிடம் கொடுத்துவிட வேண்டும். எறிந்தாள். பந்து வளையத்துக்கும் பலகைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. வெறுங்காலுடன் காத்திருந்த ஜூனியர் ஒட்டடைக்கம்போடு ஓடி வந்தாள். "தட்டி விடட்டுமாக்கா?" ஜெசிந்தா குனிந்து ஷூ லேஸை இன்னும் இறுக்கிக் கட்டினாள். "வேணாம்டீ. அதுவா விழட்டும்."