பாதியில் ஊதிய விசில்

பயிற்சி கொடுக்கும் ரீபா அன்றைக்கும் பிள்ளைகளின் ஓட்டத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

வேப்பமரத்திலிருந்து மதில் சுவரை நோக்கி ஓடிய பதினோரு பிள்ளைகளும், விசில் கேட்டதும் அப்படியே திரும்பி மரத்துக்கே ஓடி வந்தார்கள். எல்லாம் நாலு வயது, ஐந்து வயதுப் பொடிசுகள்.

மைதானத்து வாசலில் ஸ்கூட்டர் மேல் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த விஜயஸ்ரீ, விசில் சத்தத்தில்தான் நிமிர்ந்தாள். மகன் தாணு முன்னால் வந்துகொண்டிருந்தான். சட்டென்று போனைத் திருப்பி வீடியோ எடுத்தாள். இன்றைக்கும் அவன்தான் மரத்தை முதலில் தொட்டான்.

"ஒரு நாளாவது அந்தச் சுவரைத் தொட விட்டிருக்காளா இந்தப் பொண்ணு?" என்றாள், பக்கத்தில் நின்ற தனலட்சுமியிடம்.

தனலட்சுமியின் மகளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. "பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டுதானக்கா ஓடுதுங்க. பெறவென்ன?" என்றாள்.

விஜயஸ்ரீக்கு அந்தப் பதில் போதவில்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன்பு இதே தாணு ஓடவே மாட்டான். திருச்செந்தூரில் நாத்தனார் சித்ரலேகாவின் சின்ன மகளுக்குக் காது குத்தியபோது, கடற்கரையில் பிள்ளைகள் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். தாணு கடைசி. 'ஆமை' என்று பேர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாராவது ஓடினால் அவன் உட்கார்ந்துகொள்வான். எல்கேஜி விளையாட்டு விழாவிலும் சுண்ணாம்புக் கோட்டின் மேல் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இதை இப்படியே விட்டால் பயம் கூடவே வளரும், எதிலாவது சேர்த்து விடுங்கள் என்றார் வகுப்பு மிஸ்.

கணவன் கணேஷ்ராமுக்குக் கங்கைகொண்டான் கம்பெனியில் ஷிப்ட் வேலை. தேடும் பொறுப்பு விஜயஸ்ரீ தலையில் விழுந்தது. ஸ்கேட்டிங்கில் தாணு கம்பியைப் பிடித்த கையை விடவில்லை. கராத்தேயில் மற்ற பிள்ளைகள் கத்திய கத்தலில் அம்மாவின் துப்பட்டாவுக்குள் போய்விட்டான். நீச்சல் குளத்தில் காலைக்கூட நனைக்கவில்லை. கடைசியில்தான் சமாதானபுரம் பக்கம், பள்ளிக்கூட மைதானத்தில் ரீபா நடத்தும் சாயங்கால வகுப்பு. வீட்டுக்குப் போகிற வழி என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

மூன்று நாள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் ஓடினான். அடுத்த வாரம், "அம்மா, நான்தான் ஃபர்ஸ்ட்" என்றான். விஜயஸ்ரீக்கு அன்று கண் கலங்கியது உண்மை.

அதற்கப்புறம் வீடியோக்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போக ஆரம்பித்தன. சித்ரலேகா ஒரு கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டாள். அந்தக் கட்டைவிரல்தான் விஜயஸ்ரீயை உறுத்தியது. தினமும் முதலாவதாக வருகிற பிள்ளைக்கு இந்த மைதானம் காணாது என்று தோன்றிவிட்டது.

மாதக் கடைசியில், தாணுவைக் கையில் பிடித்துக்கொண்டே ரீபாவிடம் போய், அவனை வகுப்பிலிருந்து நிறுத்திக்கொள்வதாகச் சொன்னாள்.

ரீபாவுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். தொப்பியைக் கழற்றினாள். "இன்னும் ரெண்டு மாசம் இருக்கட்டும்க்கா. இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்கான்."

"ஓடுத பிள்ளையத்தான நீ பாதியில விசில் ஊதி மறிக்க? ஒரு ஓட்டத்தையாவது முழுசா முடிக்க விட்டியா?"

ரீபா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் கையைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த தாணுவைப் பார்த்தாள். வந்த பேச்சை விழுங்கிவிட்டு, அவன் தலையைத் தடவி அனுப்பிவைத்தாள்.

தான் சொன்னதுதான் சரி என்று விஜயஸ்ரீ எடுத்துக்கொண்டாள்.

புது இடம் வண்ணார்பேட்டையில். சிவப்புத் தரையில் வெள்ளைக் கோடு, சுவர் முழுக்கக் கோப்பைகள், பயிற்சியாளர் கழுத்திலும் விசில். சேர்க்கும் முன் ஒரு ஓட்டம் வைத்துப் பார்ப்போம் என்றார். விஜயஸ்ரீ தன் போனில் இருந்த வீடியோக்களை அவரிடம் காட்டினாள். சித்ரலேகாவையும் வரச் சொல்லியிருந்தாள். அவள் மகனோடு வந்து நிழலில் நின்றாள்.

எட்டுப் பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். தாணு உட்காரவில்லை. ஒரு காலை முன்னால் வைத்துத் தயாராக நின்றான். விஜயஸ்ரீ இந்த முறை ஆரம்பத்திலிருந்தே வீடியோ எடுத்தாள்.

பத்தடி தாண்டுவதற்குள் ஏழு பிள்ளைகள் முன்னால் போய்விட்டார்கள். தாணு பின்னால் ஓடினான். பாதித் தூரம் போனதும் நின்றான். பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்தான். மற்றவர்கள் அந்தப் பக்கத்துக் கோட்டைத் தொட்டுவிட்டுக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சித்ரலேகாவின் மகன் மெதுவாக, "ஆமை" என்றான்.

விஜயஸ்ரீ போனை இறக்கிவிட்டு உள்ளே ஓடினாள். "ஏம்ல நின்னுட்ட? கால் வலிக்கா?"

தாணு அழவில்லை. வந்த வழியே திரும்பி ஓடத் தயாராக நின்றுகொண்டு, பயிற்சியாளரின் கழுத்தையே பார்த்தான்.

"நான் கடைசி ஆனதும் ரீபா மிஸ் ஊதிருவாங்கல்லா? இந்த சார் ஏம்மா இன்னும் ஊதல?"